நான்கு சொட்டு நீலம்

காவிரித் தண்ணீர் பெங்களூருக்குத் தானாக ஓடி வருவதில்லை. மண்டியா மாவட்டம் தொரெகாடனஹள்ளியில் எடுத்து, வழியில் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் மறுபடி மறுபடி உந்தி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில், ஏறக்குறைய 500 மீட்டர் மேடேற்றித்தான் அதை நகரத்துக்குள் கொண்டுவருகிறார்கள். அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்பில் வந்து விழும் அந்த நீரை, மோட்டார் இன்னொரு முறை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. இவ்வளவு ஏறிய தண்ணீர் கடைசியில் இறங்கும் இடங்களில் ஒன்று கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி. அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் போதும். பட்டனை யாரும் அழுத்தாமலேயே தண்ணீர் இரவும் பகலும் பீங்கானுக்குள் இறங்கிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்யப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஸ்பேனரைக் கையில் பிடித்துப் பழக்கமில்லாதவரும் ஒரு விடுமுறைக் காலையில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் இன்று பயன்படுத்தும் ஃப்ளஷ் தொட்டி, தன் கோளாறை வெளியே காட்டாத வகையில் அமைந்த சாதனம். ஆகவே பழுது பார்ப்பதில் முக்கால் பங்கு, கசிவைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான்.

ஒரு சதுர மில்லிமீட்டர் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தொட்டியில் வாஷருக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கொள்வோம். கீழே ஒரு துளை விழுந்தால் தண்ணீர் என்ன வேகத்தில் வெளியேறும்? 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி இதற்கு விடை கண்டார்: அதே உயரத்திலிருந்து கீழே விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது எந்த வேகத்தில் இருக்குமோ, அதே வேகம். 20 சென்டிமீட்டருக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர்.

இடைவெளியின் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்றால், துளையைத் தாண்டும்போது நீர்த்தாரை குறுகுவதையும் உராய்வையும் கழித்து, நொடிக்கு 1.2 மில்லிலிட்டர் கசியும். நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர், மணிக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல், நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 லிட்டர். இடைவெளி மெல்லிய கீறலாக இருந்தால் உராய்வு கூடி அளவு குறையும். வாஷர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் பல மடங்கு ஏறும்.

பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது. அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் கசிவு, குடும்பத்தில் ஏறக்குறைய இன்னோர் ஆளுக்கு உரிய தண்ணீரைக் குடித்துவிடுகிறது. ஓராண்டில் 36,500 லிட்டர். அதை 500 மீட்டர் உயர்த்த, பம்பில் எந்த இழப்பும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 50 யூனிட் மின்சாரம் வேண்டும். உண்மையான பம்புகளுக்கும் குழாய் உராய்வுக்கும் சேர்த்து அதைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

சத்தம் ஏன் கேட்பதில்லை?

குழாய் சொட்டினால் வாளியில் சத்தம் கேட்கும். பைப் உடைந்தால் தரை நனையும். ஃப்ளஷ் தொட்டி கசிந்தால் இரண்டும் இல்லை. காரணம், கசியும் நீர் போய்ச் சேரும் இடம் கமோடின் கிண்ணம். அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதன் பின்னால் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் நிற்கும் நீர்தான் சாக்கடையின் நாற்றத்தை வீட்டுக்குள் வராமல் அடைத்து வைக்கிறது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பில் இந்த வளைவு வந்தது.

ஃப்ளஷ் செய்யும்போது 6 லிட்டர் ஒரேயடியாக வருவதால் கிண்ணத்தில் உள்ளதையெல்லாம் வளைவைத் தாண்டித் தள்ளிவிடுகிறது. நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர் வந்தால் அப்படி எதுவும் நடக்காது. வந்த அளவு வளைவின் விளிம்பைத் தாண்டி மெல்ல வழிந்துவிடும். கிண்ணத்தில் நீர்மட்டம் ஏறாது, இறங்காது. வெள்ளைப் பீங்கானில் நிறமற்ற நீர் ஒரு மெல்லிய படலமாக இறங்குவது கண்ணுக்கும் எளிதில் படாது. உற்றுப் பார்த்தால், கிண்ணத்தின் பின்சுவரில் வெளிச்சம் பட்டு லேசாக நடுங்கும் ஒரு கோடு தெரியலாம். பல வருடக் கசிவு என்றால் அந்த இடத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று நீளமாகப் படிந்திருக்கும்.

ஒரே ஓர் அடையாளம் காதுக்கு எட்டும். யாரும் போகாத பாத்ரூமில், நள்ளிரவில், தொட்டி திடீரென்று 'சர்'ரென்று தண்ணீர் பிடிக்கும். சில நொடிகளில் நின்றுவிடும். பேய், பிசாசு எதுவும் இல்லை. தொட்டியின் குறுக்குப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்றால், நீர்மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்க 1.2 லிட்டர் கசிய வேண்டும். மணிக்கு 4 லிட்டர் கசிவில் அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். மட்டம் அவ்வளவு இறங்கிய பிறகுதான் மிதவை தாழ்ந்து வால்வைத் திறக்கிறது. கசிவு தொடர்ச்சியானது, நமக்குக் கேட்பது மட்டும் இடைவிட்டு வருகிறது.

கசியவே முடியாத தொட்டி

இந்த மறைவுத்தன்மை எப்போதும் இருந்ததல்ல. பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பழைய வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் தலைக்கு மேலே ஒரு வார்ப்பிரும்புத் தொட்டியும் அதிலிருந்து தொங்கும் சங்கிலியும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தொட்டியின் அடியில் வால்வே கிடையாது. அது இயங்கியது சைஃபன் தத்துவத்தில். பைக் டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கக் குழாயை ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக இறங்குகிறதே, அதே தத்துவம். தொட்டிக்குள், நீர் வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். அதை ஓர் இரும்பு மணி மூடியிருக்கும். சங்கிலியை இழுத்து விட்டால் மணி உயர்ந்து விழும். அந்த வேகத்தில் கொஞ்சம் தண்ணீர் குழாயின் வாயைத் தாண்டிவிடும். அதைத் தொடர்ந்து தொட்டி முழுவதும் இறங்கிவிடும்.

சும்மா இருக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே வாஷர் தாங்கிப் பிடிக்க வேண்டிய துளை எதுவும் இல்லை. ஆகவே கீழ்வழியாகக் கசிய வாய்ப்பே இல்லை. மேலே மிதவை வால்வு பழுதாகி நீர் கூடினாலோ, அது சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் வழியாகத் தெருவில் சொட்டும். வீட்டுக்காரர் பார்க்காவிட்டாலும் எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிரிட்டிஷார் இதைத் தெரிந்தே செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் குடிநீர் நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி, கழிப்பறைகள் வழியாக ஓயாமல் ஓடிய தண்ணீர். ஆகவே அந்தத் தொட்டிக்கே 'நீர் விரயத் தடுப்பான்' என்றுதான் பெயர். 1898-ல் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் சத்தமில்லாத, வால்வு இல்லாத ஒரு தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஃப்ளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் சொல்லும் தாமஸ் கிராப்பர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நன்றாகத் தயாரித்து விற்றவர். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு முடியும்வரை வீடுகளில் சைஃபன் தொட்டி மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

ஆனால் சைஃபனுக்குக் குறைகள் உண்டு. ஓங்கி இழுக்க வேண்டும். தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்துவது சிரமம். தொட்டி தலைக்கு மேலிருந்து கமோடின் தோளுக்கு இறங்கியபோது, நீரின் வேகம் குறைந்ததை ஈடுகட்ட அகலமான வாய் தேவைப்பட்டது. அகலமான வாயை ஒரு வாஷரால் மூடி, பட்டனை அழுத்தியதும் தூக்கும் வால்வு அங்கே வசதியாகப் பொருந்தியது. 1980-ல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்ப்சன் இரண்டு பட்டன் வைத்த தொட்டியை உருவாக்கினார். அப்போது அது ஒரு பட்டனுக்கு 11 லிட்டர், மற்றொன்றுக்கு 5.5 லிட்டர். இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் 6 லிட்டரும் 3 லிட்டரும்.

தண்ணீரை மிச்சப்படுத்த வந்த அமைப்பு இது. நால்வர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு இருபது முறை சின்னப் பட்டனை அழுத்தினால் 60 லிட்டர் மிச்சம். அதே தொட்டியின் வாஷரில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் 100 லிட்டர் நஷ்டம். இரட்டைப் பட்டன் தொட்டிகள் சேமிப்பதைவிட அதிகமாக வீணாக்குகின்றன என்று பிரிட்டனின் நீர்த்துறை வல்லுநர்களே 2020-ல் எச்சரித்தார்கள். வடிவமைப்பு மோசம் என்பதல்ல இதன் பொருள். பராமரிப்பு தேவைப்படும் ஒரு பாகத்தை, பழுதானால் தெரியாத இடத்தில் வைத்துவிட்டோம் என்பதுதான்.

மூடியைத் திறந்தால்

தொட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டே உறுப்புகள். ஒன்று தண்ணீரை உள்ளே விடுவது. மற்றொன்று வெளியே விடுவது. 

உள்ளே விடுவதைப் பிளம்பர்கள் பால் காக் என்பார்கள். பழைய வகையில் ஒரு நீண்ட கம்பியின் நுனியில் ஒரு பந்து மிதக்கும். 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து பாதி மூழ்கினால் அதை ஏறக்குறைய 350 கிராம் விசையில் நீர் மேலே தள்ளுகிறது. கம்பி நெம்புகோலாக வேலை செய்து அந்த விசையைப் பத்து மடங்காக்கினால், மூன்றரை கிலோ விசை குழாயின் வாயை அடைக்கும். ஆர்க்கிமிடீசின் இரண்டு பாடங்களும், மிதத்தலும் நெம்புகோலும், ஒரே கம்பியில்.

புதிய வகையில் பந்து இல்லை. குத்தாக நிற்கும் ஒரு குழாயில் ஏறி இறங்கும் சிறு கப்தான் மிதவை. இவ்வளவு சிறிய மிதவை எப்படிக் குழாயின் அழுத்தத்தை எதிர்த்து மூடுகிறது? அது மூடுவதில்லை, தண்ணீரையே மூடவைக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் தகடு. அதில் ஒரு மிக நுண்ணிய துளை. குழாய் நீர் அந்தத் துளை வழியாகத் தகட்டின் பின்புறம் கசிந்து சேர்கிறது. பின்புறத்துக்கு வெளியேற ஒரு வழி உண்டு. மிதவை உயரும்போது அந்தச் சிறிய வழியை மட்டும் அடைக்கிறது. உடனே தகட்டின் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. பின்புறம் பரப்பு அதிகம் என்பதால் அங்கேயிருந்து வரும் விசையே வென்று தகடு குழாயை அடைக்கிறது. வரும் நீரின் பலத்தை வைத்தே அதைத் தடுக்கும் தந்திரம்.

இந்தத் தந்திரத்துக்கு ஒரு பலவீனம் அந்த நுண்துளைதான். அதில் மணல் ஒன்று சிக்கினால் பின்புறம் அழுத்தம் சேராது, தகடு மூடாது, தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சம்ப் கழுவிய மறுநாளும், டேங்கர் தண்ணீர் இறக்கிய பிறகும், தொட்டி ஓயாமல் ஓடத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவே.

வெளியே விடும் உறுப்பு தொட்டியின் நடுவில் கோபுரமாக நிற்கும். ஹார்டுவேர் கடையில் இதைச் 'சைஃபன்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், உள்ளே சைஃபன் எதுவும் இல்லாவிட்டாலும். அதன் அடியில் ஒரு ரப்பர் அல்லது சிலிகான் வளையம் இருக்கிறது; இதுவரை வாஷர் என்று சொன்னது இதைத்தான். அதை அதன் இருக்கையில், அதாவது வெளியேறும் வாயின் விளிம்பில், அழுத்திப் பிடிப்பதும் தண்ணீர்தான். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயின் மேல் 20 சென்டிமீட்டர் நீர் நின்றால், அரை கிலோவுக்குச் சற்று மேலான விசை வளையத்தைக் கீழே அழுத்தும். அது போதும், வளையம் மென்மையாகவும் இருக்கை வழவழப்பாகவும் இருக்கும்வரை.

கோபுரத்தை ஒட்டியே ஒரு திறந்த குழாய் உண்டு: ஓவர்ஃப்ளோ. நீர் அளவு மீறினால் தரையில் வழியாமல் அதன் வழியாகக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். பாத்ரூமைக் காப்பாற்றும் பாதுகாப்பு அது. தெருவில் சொட்டி ஊரறியச் செய்த பழைய குழாயின் வேலையை வீட்டுக்குள்ளேயே ஓசையில்லாமல் முடித்து வைப்பதும் அதுதான்.

துப்பறிதல்

ஆகவே தண்ணீர் இரண்டே வழிகளில்தான் போக முடியும்: வளையத்தின் அடியில் கசிந்து, அல்லது ஓவர்ஃப்ளோவின் வாயில் வழிந்து. எது என்று தெரியாமல் பாகம் வாங்கப் போவது வீண்செலவு. 

இரண்டாவதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். நீர்மட்டம் ஓவர்ஃப்ளோவின் விளிம்பைத் தொட்டு நின்றால், குற்றவாளி பால் காக். மட்டம் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டராவது கீழே இருந்தால் அது நிரபராதி.

முதலாவதுக்குச் சாயம் வேண்டும். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் எல்லார் வீட்டிலும் இருக்கும். தொட்டி நிரம்பிய பிறகு நான்கைந்து சொட்டு விட்டு, பட்டனைத் தொடாமல் இருபது நிமிடம் காத்திருங்கள். வளையம் சரியாக மூடியிருந்தால் கிண்ணத்து நீர் தெளிவாக இருக்கும். நீலம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. எவ்வளவு அடர்த்தியாக இறங்கியிருக்கிறது என்பதே கசிவின் அளவையும் ஓரளவு சொல்லிவிடும். மட்டம் ஓவர்ஃப்ளோவைத் தொடும் நிலையில் இந்தச் சோதனை குழப்பும் என்பதால், அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

சாயம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அரை மணி கழித்து மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போயிருந்தால் வளையம். ஓவர்ஃப்ளோவின் விளிம்போடு இறங்குவது நின்றுவிட்டால் பால் காக். அளவுகோல் ஒன்று இருந்தால், இறங்கிய உயரத்தைத் தொட்டியின் நீள அகலத்தால் பெருக்கி, மணிக்கு எத்தனை லிட்டர் என்றே கணக்கிட்டுவிடலாம்.

மூன்றாவதாக ஒரு குறும்பும் உண்டு. சில தொட்டிகளில் பால் காக்கிலிருந்து ஒரு மெல்லிய டியூப் ஓவர்ஃப்ளோவுக்குள் போகும், கிண்ணத்தை நிரப்ப. அதன் நுனியை யாராவது உள்ளே ஆழமாகச் சொருகி, நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கியிருந்தால், அந்த டியூபே சைஃபனாகித் தொட்டி நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நுனியை விளிம்புக்கு மேலே நிறுத்தினால் போதும்.

கைவேலை

பாகத்தைத் தொடுமுன் ஆங்கிள் காக்கை மூடுங்கள். பல வருடம் திருப்பாமல் இருந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். பலம் காட்டாமல் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து மூட வேண்டும். மசியாவிட்டால் மொட்டைமாடியில் அந்த வரிசைக்கு உரிய வால்வை மூடுவதே புத்திசாலித்தனம். பிறகு ஒருமுறை ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். மூடியை எடுத்துத் துணி விரித்த தரையில் படுக்க வையுங்கள். பீங்கான் மூடி மட்டும் தனியாகக் கடையில் கிடைப்பது அரிது.

நடுக்கோபுரம் பெரும்பாலும் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் உள்ள வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா, வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா? அந்தப் பொருக்கு பெங்களூரின் கதை. காவிரி நீர் ஓரளவு மென்மையானது. போர் தண்ணீரோ, பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர். டேங்கரில் வருவதும் பெரும்பாலும் அதுவே. சம்ப்பில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கரியமில வாயுவை இழக்கும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, இருக்கையின் மேல் மணல்தாளின் சொரசொரப்போடு படிகிறது. வளையம் புதிதாக இருந்தாலும் அந்தப் பரப்பின் மேல் முழுவதும் பொருந்தாது.

ஆகவே வாஷர் மாற்றுமுன் இருக்கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சமையலறையில் இருக்கும் வினிகரோ எலுமிச்சை உப்புக் கரைசலோ போதும். துணியை நனைத்து அந்த இடத்தில் சிறிது நேரம் போட்டு வைத்தால், நுரை எழும். கார்பனேட் கரைந்து கரியமில வாயு வெளியேறுவதன் அடையாளம். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பொருக்கு உதிர்ந்துவிடும். பிளேடாலும் ஸ்க்ரூ டிரைவராலும் சுரண்டினால் விழும் கீறலே அடுத்த கசிவாகிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிடைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது; ஆசிடோடு பிளீச்சிங் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும். தொட்டிக்குள் போட்டு வைக்கும் குளோரின் வில்லைகளும் ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வளையம் கெட்டிருந்தால் புதிது வாங்க வேண்டியதுதான். அல்சூர் பஜார் தெருவில் எந்தக் கடையில் போய் நின்று "அண்ணா, சைஃபன் வாஷர் இருக்குதா?" என்று கேட்டாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: "பழசைக் கழட்டிட்டு வாங்க சார், சைஸ் பார்த்துத்தான் தரமுடியும்." அதில் நியாயம் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி வளையத்தின் விட்டம் மாறும். வருடத்துக்கு வருடமும் மாறும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், வேலை வீணாக.

பால் காக்கில் கோளாறு என்றால், அதன் தலைமூடியைத் திருகித் திறந்து ரப்பர் தகட்டை எடுத்துக் கழுவி, நுண்துளையின் அடைப்பை மெல்லிய இழையால் நீக்கிவிடுங்கள். மூடியைப் பூட்டுமுன், திறந்த வாயின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து மூடினால், உள்ளே உள்ள மணலையும் தண்ணீரே அடித்து வெளியேற்றிவிடும். 

முழுப் பால் காக்கையும் மாற்றுவதானால், புதியவர்கள் கவனிக்க வேண்டியது கனெக்ஷன் பைப்பின் நட்டு. அரை இன்ச் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றும் ஆசை வரும். ஆனால் அந்த நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால், நீரை அடைப்பது மரை அல்ல, வாஷர்தான். டேப் சுற்றினால் நட்டு முழுதும் இறங்காமல் வாஷர் சரியாக அழுந்தாமல் போகும். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். ஆங்கிள் காக் சுவருக்குள் போகும் மரைக்குத்தான் டேப் தேவை. அங்கே வாஷர் இல்லை.

எல்லாம் பூட்டியபின் மிதவையைச் சரிசெய்து, நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி வையுங்கள். மூடியை வைத்தபின் பட்டனுக்கும் கோபுரத்துக்கும் இடையே சிறிது தளர்வு இருக்க வேண்டும். பட்டனின் தண்டு எப்போதும் அழுத்திக்கொண்டே நின்றால் புதிய வளையமும் பயனில்லை. கடைசியில் மறுபடியும் நீலம்.

சுவருக்குள் மறைந்திருக்கும் தொட்டி, பீங்கானில் விரிசல், தொட்டிக்கும் கமோடுக்கும் இடையே ஒழுக்கு, கையோடு சுற்றும் ஆங்கிள் காக்: இவை ஆள் கூப்பிட வேண்டிய வேலைகள். நாட்டின் பல நகரங்களுக்கும் பிளம்பர்களை அனுப்பும் பட்டமுண்டாய், ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகளுக்கு உரிய வேலையை நாம் தொடாமல் இருப்பது நல்லது.

விலாசம் இல்லாத கசிவு

1882-ல் கட்டிய சாங்கி ஏரி வருவதற்கு முன், கன்டோன்மென்ட் மக்கள் குடித்த நீரில் ஒரு பகுதி இந்த அல்சூர் ஏரியினுடையது. 1890-களில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெசரகட்டாவிலிருந்து தண்ணீர் வந்தது, 1933-ல் இன்னும் தள்ளி திப்பகொண்டனஹள்ளி, 1974-ல் காவிரி. நகரம் வளர வளரத் தண்ணீரின் ஊர் தள்ளிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதன் விலையும் விவகாரமும் கூடவே ஏறின. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில், 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. அதை நாட்கணக்கில் பிரித்தால் நாளொன்றுக்குச் சுமார் 37 கோடி லிட்டர். நகரத்தில் ஒரு லட்சம் தொட்டிகள் ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுக்குக் கசிந்தால், அதில் ஒரு கோடி லிட்டர் எந்தக் கையையும் நனைக்காமல் போய்விடும்.

போவது எங்கே? அல்சூர்ப் பக்கத்து நீர் இயல்பாகச் சரிந்து இறங்கும் திசை பெல்லந்தூர். கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே கசிந்த நீர் முழுவதும் பாழ் என்று சொல்ல முடியாது. ஆனால் குடிநீராக 500 மீட்டர் ஏறி, யாருக்கும் பயன்படாமல் சாக்கடையாகி, மறுபடி சுத்திகரிப்புச் செலவும் வைத்துப் போவது வீணான சுற்று.

2024 மார்ச்சில் நகரம் வறண்டபோது, குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. கார் தெருவில் நிற்கிறது, கழுவினால் தெரியும். ஃப்ளஷ் தொட்டியை எந்த அதிகாரி எட்டிப் பார்க்க முடியும்? அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒரே மீட்டர். அது சம்ப்பின் வாயில் இருக்கிறது. கசிவும் குளியலும் சமையலும் ஒரே எண்ணில் கலந்துவிடும். பில் மெயின்டனன்ஸில் எல்லாருக்கும் பிரிந்துவிடும். மூன்றாவது மாடியின் வாஷருக்குத் தரைத்தளத்துக்காரரும் பணம் கட்டுகிறார். யாருக்கும் உறைப்பதில்லை.

இதற்குக் குடியிருப்போர் சங்கமே விடை காணலாம். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் தொட்டியில் நீலம் விட்டு இருபது நிமிடம் காத்திருந்தால், எந்தெந்தத் தொட்டி என்று அன்றே தெரிந்துவிடும். 40 வீடுள்ள கட்டடத்தில் நான்கு தொட்டிகள் மட்டும் ஒரு சதுர மில்லிமீட்டர் கசிந்தாலும் ஓராண்டுக்கு 1,46,000 லிட்டர். கோடையில் வாங்கும் 12,000 லிட்டர் டேங்கரில் அது பன்னிரண்டு லோடு. அந்தப் பன்னிரண்டு லோடையும் வாங்காமல் இருக்க நான்கு வாஷரும் ஒரு பாட்டில் நீலமும் போதும்.